பழைய வேட்டைக் குடில்: இடித்துவிட்டுக் கட்டுவதா, தூக்கி நிறுத்தி விரிவாக்குவதா?

காட்டோரத்தான்:

எங்கள் குடும்ப நிலத்தில் தாத்தா கட்டிய வேட்டைக் குடில் ஒன்று இருக்கிறது. உருட்டு மரங்களை மூலையில் கொக்கிபோல் வெட்டிக் கோத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. 16 அடிக்கு 24 அடி, ஒரே அறை, மேலே பாதி அளவுக்குப் பரண், தகரக் கூரை. பிற்பாடு பெரியப்பா பின்சுவரோடு ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கினார், சமையலும் விறகு அடுக்குவதும் அங்கேதான். வேட்டைக் காலத்தில் சில வாரம், கோடையில் பிள்ளைகளோடு சில நாள், மற்றபடி வருடம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும். மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, கழிப்பறை தள்ளி ஒரு குழிக் கொட்டகை. குளிர்காலத்தில் பனி முழங்காலுக்கு மேல் கிடக்கும், மண்ணும் உறைந்துபோகும் இடம்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், தரை வடகிழக்கு மூலையை நோக்கிச் சரிகிறது. அந்தப் பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் பலகைத் துண்டு சொருகித்தான் படுக்கிறோம். குளிர் முடிகிற சமயம் போனால் முன்கதவு இறுகிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்கிறது, தோளால் இடித்துத்தான் உள்ளே போக வேண்டும். கோடையில் அதே கதவு விரலால் தள்ளினால் திறக்கிறது. சாய்ப்புக் கூரை பெரிய சுவரைத் தொடுகிற இடத்தில் ஒழுகுகிறது, எத்தனை தடவை தார் பூசினாலும் அடுத்த வருடம் மறுபடி அதே இடம். எலிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குடும்பமும் பெருகிவிட்டது. எங்கள் தலைமுறையில் எல்லோருக்கும் பிள்ளைகள் வந்தாயிற்று, ஒரே நேரத்தில் எட்டு பத்துப் பேர் படுக்க இடம் வேண்டும். என் யோசனை: சாய்ப்பைப் பிரித்துவிட்டு, பின்சுவரை அகலமாக வெட்டித் திறந்து, அதே அகலத்தில் இன்னொரு 20 அடி நீட்டி இரண்டு சின்ன அறை, ஒரு சமையலறை. முன்னால் ஒரு திண்ணை. பெரியப்பா மகன் ஒரேயடியாக இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்கிறான். அத்தையோ தாத்தா கை வைத்த மரத்தில் ஒன்றைக்கூட அசைக்கக் கூடாது என்கிறார். நடுவில் நான். வேலையில் பாதியை நாங்களே செய்யலாம் என்று நினைக்கிறோம், ஆளுக்கொரு வேலை தெரியும். அனுபவப்பட்டவர்கள் எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

உளிச்சத்தம்:

உங்கள் கதவே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. குளிர் முடியும்போது இறுகி, கோடையில் தளர்கிற கதவு என்றால் அடியில் இருக்கும் மண் உறையும்போது குடிலைத் தூக்கி, இளகும்போது இறக்குகிறது என்று அர்த்தம். வெறும் கல்மேல் உட்கார வைத்திருப்பார்கள், சரியா? அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், அதில் தப்பில்லை, மரக்கட்டடம் கொஞ்சம் ஆட்டத்தைத் தாங்கும். ஆனால் ஒரு மூலை மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது என்றால் அந்த மூலைக்குத் தண்ணீர் வருகிறது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும் என்பது இதில் சின்னப் பங்குதான். வண்டல் கலந்த நைசான மண் கீழேயிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே இழுத்து, மண்ணுக்குள்ளேயே தகடு தகடாகப் பனிக்கட்டியை வளர்த்துக்கொண்டே போகும். கட்டடத்தை அங்குலக் கணக்கில் தூக்குவது அந்தத் தகடுகள். மண், ஈரம், குளிர் மூன்றும் சேர்ந்தால்தான் இது நடக்கும், குளிரை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, ஈரத்தை விரட்டலாம்.

அதனால் இடிப்பதா வைப்பதா என்று வீட்டில் சண்டை போடுவதற்கு முன் ஒரு நல்ல ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போங்கள். அடி வரிசை மரங்களை, வெளியிலிருந்தும் தரைக்கு அடியில் தவழ்ந்து உள்ளிருந்தும், அடிக்கு ஒரு இடமாகக் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை கால் அங்குலம்கூட இறங்காது, சுத்தியலால் தட்டினால் கணீரென்று பதில் வரும். உளுத்த மரம் பொத்தென்று சத்தம் போடும், ஸ்க்ரூடிரைவர் கேக்கில் இறங்குகிற மாதிரி இறங்கும். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை நாலு மூலைக் கோப்பு, ஜன்னல்களுக்கு நேர் கீழே உள்ள மரங்கள், அப்புறம் அந்தச் சாய்ப்புக் கூரை சுவரைத் தொடுகிற கோடு. அங்கேதான் எனக்குப் பெரிய சந்தேகம். பல வருடமாக ஒழுகுகிறது என்றால் தாருக்குப் பின்னால் இருக்கும் மரத்தை இதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பூச்சியையும் பாருங்கள். மாவு மாதிரி நைசான தூள் கொட்டியிருந்தால் துளைவண்டு. மரச்சீவல் மாதிரி பெரிய துகளும் நடுவில் செத்த பூச்சித் துண்டுகளும் கிடந்தால் மர எறும்பு, அது ஈர மரத்தைத் தேடித்தான் வரும், ஆகவே எறும்பைக் கொல்வதைவிட ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது முக்கியம். கல்லிலிருந்து மரத்துக்கு மண்கோடு ஏறியிருந்தால் கரையான்.

ஈரம் காட்டும் மீட்டர் ஒன்று இரவல் கிடைத்தால் வாங்கிக்கொண்டு போங்கள். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சை வேலை செய்யாது. அடிமரம் முழுக்க அதற்கு மேலே காட்டினால் மேலே என்ன செலவு செய்தாலும் வீண்.

கறார்பேர்வழி:

நான் உங்கள் பெரியப்பா மகன் கட்சி. உருட்டு மரக் குடில் பார்க்க அழகு, படத்தில் இன்னும் அழகு. அடிமரம் மாற்றுவது என்பது கட்டடத்தையே தூக்கிப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை, கூலி ஆளை வைத்தால் புதுச் சுவர் எழுப்புவதைவிட அதிகமாகக் கேட்பார்கள், செய்யத் தெரிந்தவர்களும் குறைவு. இத்தனையும் செய்த பிறகு கையில் என்ன இருக்கும்? இடுக்கு இடுக்காகக் காற்று நுழைகிற, சூடேறவே ஒரு நாள் எடுக்கிற சுவர். வெள்ளிக்கிழமை ராத்திரி போய்ச் சேர்ந்து ஞாயிறு கிளம்புகிறவர்களுக்கு அந்த மரச் சுவர் சூடாகி முடிக்கும்போது கிளம்பும் நேரம் வந்துவிடும். பலகைச் சட்டம் அடித்து நடுவில் காப்புப்பஞ்சு திணித்துக் கட்டுங்கள், சின்ன அடுப்பில் ஒரு மணி நேரத்தில் சட்டையைக் கழற்றலாம். தாத்தாவின் மரத்தில் நல்லதாகத் தேறுவதை எடுத்து மேசையோ பெஞ்சோ செய்து அத்தைக்குக் கொடுங்கள்.

காட்டோரத்தான்:

போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். உளிச்சத்தம் சொன்னது அப்படியே. வடக்குப் பக்க அடிமரம் மூலையிலிருந்து ஐந்தாறு அடிக்கு ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் போகிறது. அதற்கு மேல் மரம் வெளிப்பக்கம் மட்டும் மெத்தென்று இருக்கிறது, உள்ளே கெட்டி. கிழக்கு, தெற்கு, மேற்கு மூன்று பக்கமும் கணீர். மேற்குப் பக்கம் மழையே படுவதில்லை, கூரை இரண்டு அடிக்கு மேல் வெளியே நீண்டிருக்கிறது, வடக்கில் அந்த நீட்டத்தை வெட்டித்தான் சாய்ப்பை ஒட்டியிருக்கிறார்கள். சாய்ப்பின் தகரத்தைக் கழற்றினோம்: சுவரோடு சேரும் இடத்தில் தகடு எதுவும் இல்லை, வெறும் தார்தான், பின்னால் மூன்று வரிசை மரம் கறுத்திருக்கிறது, அதில் நடு மரத்தைக் கையாலேயே பிய்க்க முடிகிறது. எறும்பு உண்டு, கரையான் இல்லை. பின்னால் இருக்கும் மேட்டிலிருந்து மழைத்தண்ணீர் நேராக அந்த வடகிழக்கு மூலைக்குத்தான் வருகிறது, மண்ணில் தடம் தெரிகிறது.

ஆக, சாய்ப்பைப் பிரித்தே ஆக வேண்டும். பெரிய குடில் தேறுமா?

உளிச்சத்தம்:

தாராளமாகத் தேறும். ஒரு பக்கம் மட்டும் கெட்டிருப்பது நல்ல செய்தி, கெட்டதற்குக் காரணமும் கண் எதிரே இருக்கிறது. கறார்பேர்வழி சொல்வதில் சூட்டைப் பற்றிய பகுதி நூற்றுக்கு நூறு சரி, அதைக் கீழே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை மண்வெட்டி வேலை. மேட்டுப் பக்கம், குடிலிலிருந்து தள்ளி, பிறை மாதிரி ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இரண்டு பக்கமும் திருப்பிவிடுங்கள். சுவரை ஒட்டிய மண்ணுக்கு வெளிப்பக்கமாக வாட்டம் கொடுங்கள், முதல் 10 அடிக்கு 6 அங்குலம் இறங்கினால் போதும். இதைச் செய்துவிட்டு ஒரு மழைக்காலம் காத்திருந்தாலும் நஷ்டமில்லை, பல குடில்களில் இதற்குப் பிறகு ஆட்டம் பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது தூக்குவது. புகைக்குழாயைக் கூரையிலிருந்து கழற்றிவிட்டுத்தான் ஜாக்கியில் கை வைக்க வேண்டும், இதை மறந்து கூரையையும் குழாயையும் சேர்த்துக் கிழித்தவர்கள் உண்டு. உளுத்த அடிமரத்துக்குக் கீழே ஜாக்கி வைத்தால் அது மரத்தைப் பிளந்துகொண்டு மேலே போகும், கட்டடம் அப்படியே நிற்கும். அதனால் இரண்டாவது அல்லது மூன்றாவது வரிசையில் கெட்டியான மரத்தில் வெளியேயும் உள்ளேயும் நல்ல சட்டத்தைத் துளைத்து போல்ட் போட்டுக் கட்டி, அந்தச் சட்டத்துக்குக் கீழே ஜாக்கி கொடுங்கள். ஜாக்கிக்கு அடியில் தடிப்பலகையோ இரும்புத் தகடோ வேண்டும், இல்லாவிட்டால் மண்ணுக்குள் இறங்கிவிடும். பக்கத்திலேயே கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி முட்டு ஏற்றிக்கொண்டே வாருங்கள். எடை முட்டில் நிற்க வேண்டும், ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். ஆயில் ஜாக்கி மெதுவாக இறங்கிவிடும் என்பதால் ராத்திரி முழுக்க அதை நம்பி விடக் கூடாது, ஜாக்கியை மட்டும் நம்பி உடம்பையோ கையையோ அடியில் நுழைக்கவே கூடாது. ஒரு நாளைக்குக் கால் அங்குலத்துக்கும் குறைவாகத் தூக்குங்கள். மரம் முனகும், சில இடத்தில் படாரென்று சத்தம் வரும், அப்போது நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள். மட்டம் பார்க்க ரசமட்டம் போதாது, தண்ணீர் ஊற்றிய ட்யூபை நாலு மூலைக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள்.

மாற்றுகிற மரம் நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். உங்கள் சுவர் இத்தனை வருடத்தில் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்துவிட்டது. அதற்கு அடியில் பச்சை மரத்தை வைத்தால் அது மட்டும் காய்ந்து இறங்கி, சரி செய்த மூலையே மறுபடி தாழ்ந்துவிடும்.

இப்போது விரிவாக்கம். உங்கள் திட்டத்தில் எனக்குப் பிடிக்காதது பின்சுவரை அகலமாக வெட்டுவது. உருட்டு மரச் சுவரில் ஒவ்வொரு மரமும் மூலைக்கு மூலை கோத்துக்கொண்டு நிற்பதுதான் பலம். நடுவில் பத்து அடி எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் மிஞ்சுவது ஒரு முனை கோத்து மறு முனை ஆடுகிற துண்டுகள், மேலே கூரை எடை வேறு. ஒரு கதவு அகலத்துக்கு மேல் வெட்டாதீர்கள். வெட்டுகிற இடத்திலும் மர முனைகளில் மேலிருந்து கீழாகக் காடி எடுத்து, அதில் ஒரு கட்டையை இறக்கி, நிலைச்சட்டத்தை அந்தக் கட்டையில்தான் அடிக்க வேண்டும். மரங்களிலேயே ஆணி அடித்தால் சுவர் ஏறி இறங்க இடமில்லாமல் நிலை அதைத் தாங்கிப் பிடித்து, மேலே இடுக்கு விழும்.

இன்னொன்று. பழையது கல்மேல் உட்கார்ந்து வருடா வருடம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும், புதியதை நீங்கள் உறைகிற ஆழத்துக்குக் கீழே கான்கிரீட் தூண் இறக்கிக் கட்டினால் அது அசையாது. அசைவதையும் அசையாததையும் ஒரே கூரையால் கட்டினால் சேருகிற கோடு ஒவ்வொரு வருடமும் பிய்ந்துகொள்ளும், பெரியப்பாவின் சாய்ப்பு ஒழுகியதற்கு இதுவும் காரணம். ஆகவே புதியதைப் பழையதன்மேல் சாய்க்காமல் தனியாகத் தன் காலில் நிறுத்துங்கள். ஆறேழு அடி இடைவெளி விட்டுத் தனிக் கட்டடம், நடுவில் கூரை போட்ட நடை. அந்த நடையின் கூரை ஒரு பக்கம் மட்டும் இறுகப் பிடித்திருக்க வேண்டும், மறு பக்கம் பழைய கூரையின் நீட்டத்துக்கு அடியில் நுழைந்து சும்மா நிற்க வேண்டும். பழையது அரை அங்குலம் ஏறினாலும் இறங்கினாலும் எதுவும் கிழியாது.

இப்படிச் செய்தால் சூட்டுப் பிரச்சினையும் தீர்ந்துவிடும். படுக்கை அறைகளைப் புதியதில் வையுங்கள், காப்புப்பஞ்சு, நல்ல ஜன்னல், சீக்கிரம் சூடாகும். பழையது எல்லோரும் உட்கார்ந்து பேச, சாப்பிட, ஈர உடுப்பைக் காய வைக்க. அத்தையும் மகிழ்வார், பெரியப்பா மகனும் மகிழ்வான்.

தூண் இறக்கும்போது ஒரு சின்ன விஷயம், அடி அகலமாகவும் மேலே பக்கவாட்டு வழவழப்பாகவும் இருக்கட்டும், அட்டைக் குழாய் அச்சு வைத்து வார்த்தால் போதும். கரடுமுரடான தூணை உறைந்த மண் பக்கவாட்டில் கவ்விப் பிடித்து மேலே தூக்கிவிடும், ஆழமாகப் போட்டதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

கறார்பேர்வழி:

தனிக் கட்டடம் என்றால் எனக்கும் சம்மதம். கட்சி மாறிவிட்டேன். ஆனால் புதுக் கூரையின் தண்ணீரும் சறுக்கி விழுகிற பனியும் எங்கே போய் விழும் என்று காகிதத்தில் வரைந்து பாருங்கள். உயரமான கூரைக்குப் பக்கத்தில் தாழ்ந்த கூரை இருந்தால் காற்று அடித்துக் கொண்டுவருகிற பனி முழுக்கத் தாழ்ந்ததில்தான் குவியும். புதுப்பனி லேசு, நாள்பட அமுங்கிய பனி ஒரு கன மீட்டர் 200 கிலோவுக்கு மேல் வரும். நடைக் கூரைக்குக் கைமரம் நெருக்கமாகப் போடுங்கள்.

சாம்பல்பூனை:

எல்லோரும் கட்டடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், முதலில் எலிப் புழுக்கை. சாய்ப்பைப் பிரிக்கும்போது கூரைக்கும் பலகைக்கும் நடுவில் பல வருடக் கூடு கொட்டும். அதைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வாக்குவம் போடாதீர்கள். சில காட்டெலிகளின் புழுக்கையிலும் சிறுநீரிலும் ஹன்டா வைரஸ் இருக்கும், காய்ந்த தூசி மூச்சில் போனால் நுரையீரலைப் பிடித்துவிடும். அமெரிக்காவில் 1993-இல் கண்டுபிடித்த வகை பிடித்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் பிழைப்பதில்லை. கதவு ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விட்டு, வெளியே நின்றுகொண்டிருங்கள். அப்புறம் கையுறை, முகமூடி போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனையும்படி தெளித்து, ஐந்து பத்து நிமிடம் ஊற விட்டுத் துணியால் துடைத்து எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். பிள்ளைகளை அன்றைக்கு அழைத்துப் போக வேண்டாம்.

புது அறையில் ஓட்டை அடைக்கும்போது பென்சில் நுழைகிற இடுக்கில் எலி நுழையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரை அடித்தால் அதைக் கடித்துத் துப்பிவிட்டு வரும். முதலில் இரும்புக் கம்பிப் பஞ்சைத் திணித்து அதற்கு மேல் நுரை.

பிரித்த பலகைகளை அடுப்பில் போடலாமா என்று ஆசை வரும். பச்சை நிறம் ஏறிய, பதனிட்ட பழைய பலகையை எரிக்கவே கூடாது. 2004-க்கு முந்திய பதனிட்ட மரத்தில் பெரும்பாலும் ஆர்சனிக் இருக்கும், புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். பழைய பெயின்ட் அடித்த பலகை என்றால் ஈயமாக இருக்கலாம்.

அடுப்பைப் பற்றி ஒன்று. படுக்கிற அறையில் ஒரு சின்ன இரும்பு விறகடுப்பு வைக்கப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். சோதனை முத்திரை இல்லாத பழைய அடுப்பு என்றால் எரியக்கூடிய எதிலிருந்தும் 36 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும், மரச் சுவருக்குத் தகடு அடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள், தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் அங்குலம் காற்றோட இடம் விட்டால்தான் தகடு பயன்படும், சுவரோடு ஒட்டி அடித்த தகடு சூட்டை அப்படியே மரத்துக்குக் கொடுக்கும். பக்கத்துச் சட்டம் வருடக்கணக்கில் வறுபட்டு வறுபட்டு, பிறகு குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும், அதுதான் இதில் ஆபத்து. புகைபோக்கி கூரையைத் துளைக்கிற இடத்திலிருந்து 3 அடி, பக்கவாட்டில் 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரமாக இருக்க வேண்டும். இரண்டு கட்டடம் பக்கத்தில் பக்கத்தில் வருகிறது, ஆகவே ஒன்றின் முகட்டை மற்றதன் புகைபோக்கிக்குக் கணக்கில் எடுங்கள். தகரக் கூரையில் சறுக்கும் பனி குழாயை வெட்டிக்கொண்டு போகாமல் இருக்க முகட்டுக்கு அருகிலேயே வெளியே எடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டு கட்டடத்திலும் வேண்டும், பேட்டரியில் ஓடுவது. எரிவாயு ஹீட்டரை மூடிய அறையில் ராத்திரி முழுக்க எரிய விடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

பேட்டரி என்றதும் இன்னொன்று. விளக்குக்குச் சோலார் வைத்தால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, கெட்டுப்போகும். பூட்டிக் கிடக்கும் குளிர்கால மாதங்களில் பேனல் அதன்பாட்டுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும், ஆகவே குளிர்ந்தால் தானே நிறுத்துகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது கிளம்பும்போது இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

பத்திரம்பத்திரம்:

எல்லாம் சரி, நிலம் யார் பெயரில் இருக்கிறது? கேள்வியில் "குடும்ப நிலம்" என்று மட்டும்தான் இருக்கிறது, அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

காட்டோரத்தான்:

தாத்தா பெயரில்தான். மாற்றவே இல்லை. எல்லோரும் ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம்.

பத்திரம்பத்திரம்:

ஒற்றுமையாக இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள், ஒற்றுமை போன பிறகு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். இறந்தவர் பெயரில் இருக்கும் நிலத்தில் கட்ட அனுமதி கேட்டால் விண்ணப்பத்தில் உரிமையாளர் என்று யார் கையெழுத்துப் போடுவீர்கள்? காப்பீடும் அப்படித்தான். கட்டும் செலவை நீங்களும் பெரியப்பா மகனும் போடுகிறீர்கள், நாளைக்கு அத்தை வழியில் யாராவது பங்கைப் பிரித்துக் கேட்டால் நிலத்தோடு சேர்ந்து கட்டடமும் பங்குக் கணக்கில் வந்துவிடும். நீங்கள் போட்ட பணம் தனியாகத் திரும்பி வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. முதலில் வாரிசுப் பெயர் மாற்றம், எல்லைக்கல் அளவு. அப்புறம் யார் எவ்வளவு போடுகிறார்கள், யார் எந்த வாரம் பயன்படுத்துவது, வரியும் பழுதும் யார் பொறுப்பு, ஒருவர் விலக நினைத்தால் அவர் பங்கை எந்தக் கணக்கில் மற்றவர்கள் வாங்குவது என்று ஒப்பந்தம். உங்கள் ஊர் வக்கீலிடம் அரை நாள் வேலை.

இடிக்கலாம் என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல இடங்களில் பழைய கட்டடம் இன்றைய விதிக்குப் பொருந்தாவிட்டாலும் ஏற்கெனவே நிற்பதால் விட்டுவைப்பார்கள். ஓடைக்கு மிக அருகில் இருப்பது, சாலையிலிருந்து போதுமான தூரம் இல்லாதது, இப்படி. அதை முழுதாக இடித்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும், அதே இடத்தில் திரும்பக் கட்ட விட மாட்டார்கள். சில இடங்களில் எத்தனை சதவீதத்துக்கு மேல் மாற்றினால் புதுக் கட்டடமாகக் கணக்கிடுவார்கள் என்றுகூட வரம்பு உண்டு, அடிமரம் மாற்றுவதும் அந்தக் கணக்கில் வருமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வரைபடத்தில் "படுக்கை அறை" என்று எழுதுவதற்கு முன்னும் யோசியுங்கள், நிறைய ஊர்களில் கழிவுநீர்த் தொட்டியின் அளவைப் படுக்கை அறை எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். பொய் எழுதச் சொல்லவில்லை, அந்தச் செலவு வரும் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள் என்கிறேன்.

காட்டோரத்தான்:

எல்லோருக்கும் நன்றி, பத்திரம்பத்திரம் சொன்னதைக் குடும்பக் குழுவில் அப்படியே ஒட்டினேன், முதலில் மௌனம், பிறகு அத்தையே வக்கீலிடம் நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அது முடியும் வரை கட்டட வேலை எதுவும் தொடங்குவதில்லை, சாய்ப்பைப் பிரித்து வாய்க்கால் வெட்டுவது மட்டும் இந்தக் கோடையில். அடிமரத்துக்கு இப்போதே மரம் அறுத்துக் காய வைக்கப் போகிறோம். தனிக் கட்டடம், நடுவில் நடை என்று படம் போட்டுக் காட்டியதும் வீட்டில் சண்டையும் நின்றது.

இரண்டு சந்தேகம் பாக்கி. அந்த நடையின் கூரைக்கு அடியில் ஒரு உத்தரம் போட்டு, வேட்டையாடியதைத் தொங்கவிட இடமாக வைத்துக்கொள்ளலாமா? இரண்டாவது, புதியதிலும் பரண் போட்டால் பிள்ளைகள் மேலே படுக்கலாம் என்று நினைக்கிறோம்.

சாம்பல்பூனை:

நடையில் வேண்டவே வேண்டாம். ரத்த வாடைக்கு ஈயும் வரும், கரடி இருக்கிற காடு என்றால் கரடியும் வரும், அதுவும் பிள்ளைகள் ராத்திரி கழிப்பறைக்குப் போகிற வழியில். குடிலிலிருந்து நன்றாகத் தள்ளி, காற்று வரும் திசைக்கு மறுபக்கம், நிழலில், நாலு பக்கமும் கொசுவலைக் கம்பி அடித்த சின்னக் கொட்டகை. தரைக்குக் கான்கிரீட், ஒரு பக்கம் வாட்டம், கழுவிவிட வசதியாக. உத்தரம் பெரிய மிருகத்தின் எடையைத் தாங்குகிற மாதிரி இருக்கட்டும், கப்பி ஒன்று நிரந்தரமாக மாட்டிவையுங்கள். இறைச்சி 4 டிகிரிக்கு மேலே போகக் கூடாது, பகலில் வெயில் ஏறுகிற பருவம் என்றால் கொட்டகையை நம்பாமல் அன்றைக்கே வெட்டிக் குளிர்ப்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். துப்பாக்கியை ஆளில்லாத குடிலில் விட்டுவிட்டு வராதீர்கள், இருக்கும் நாட்களுக்குச் சுவரில் திருகிய இரும்புப் பெட்டி, தோட்டா வேறு பூட்டில்.

உளிச்சத்தம்:

பரண் போடலாம், ஆனால் ஏணி ஒன்றுதான் வழி என்றால் பிள்ளைகளை அங்கே படுக்க வைக்காதீர்கள். அடுப்பு கீழே, சூடும் புகையும் முதலில் வருவது மேலே. பரணில் ஆள் நுழைந்து வெளியேறுகிற அளவுக்கு ஒரு ஜன்னல் வேண்டும், சிறு பிள்ளை உள்ளிருந்து தானே திறக்கிற மாதிரி தாழ்ப்பாள், தரையிலிருந்து அடி விளிம்பு 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த ஜன்னலை நடைக் கூரைக்கு நேர் மேலே வருகிற மாதிரி வையுங்கள், குதிக்காமல் கூரையில் இறங்கிவிடலாம். அதற்காகவும் சேர்த்துத்தான் கைமரத்தை நெருக்கிப் போடுங்கள் என்று கறார்பேர்வழி சொன்னதைக் கேளுங்கள். அலாரம் ஒன்று பரணிலும்.